ஆந்தை லோகோ

"தர்வின், டேப்ப எடுத்து வை. பிரிக்ஃபீல்ட்ஸ் வந்துட்டோம் லா!" போனில் சொன்னார் நுஸைபா அக்கா. என் வீடு இருக்கும் பகுதி அது.

மூடிப்போன ஒரு கல்வித் தொலைக்காட்சி நிறுவனத்தின் ஆந்தை லோகோவைப் போன வாரம் யூடியூபில் போட்டிருந்தேன். பழைய டேப்பில் கிடைத்தது என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, கிள்ளானிலிருந்து முன்பின் தெரியாத இந்த அக்கா தேடி வருகிறார்.

"எங்க வாப்பா அங்கதான் லோகோ வரைஞ்சாரு தம்பி. மௌத்தாகி அடக்கம் பண்ணின பிறகு, அவர் வரைஞ்சது ஒண்ணுகூட வீட்ல இல்ல."

அக்காவின் உம்மா போனை வாங்கினார். "அந்தக் கண்ணு ஒண்ணு போதும் மகனே. அவர் கைதான். எனக்குத் தெரியாதா?"

சொல்லும்போதே அழுதுவிட்டார்.

டேப்பே கிடையாது. லைக்குக்காக அந்த ஆந்தையைப் போனில் வரைந்தவன் நான்.

கீழே ஹாரன் அடிக்கிறது. நான் எதை எடுத்துக்கொண்டு இறங்குவேன்?