கண்ணாடித் தகட்டில் செலஸ்டினா

டிசம்பர் ஒன்பதாம் நாள், தம் மனைவியின் உடலில் எஞ்சியிருந்த ஒரே பகுதியையும் ஆய்வகத்தார் கரைத்துவிட்டார்கள் என்பதே தஸ்நேவிஸின் முறையீடு. படகு கவிழ்ந்த அன்று செலஸ்டினாவைக் கொண்டுபோன கடல், உடலைத் திருப்பித் தரவில்லை. அதற்கு முந்தைய வாரம் அவள் கழுத்திலிருந்து வெட்டியெடுத்த, சுண்டைக்காய் அளவுக் கொழுப்புக் கட்டி மட்டும் மருத்துவமனையில் இருந்தது. கல்லறையில் வைக்க அதையாவது தாருங்கள் என்று கேட்கப் போனார்.

மருத்துவர் ஒரு கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் பொருத்தினார். "பாருங்க ஐயா."

தேனடையைப் போல அறையோடு அறை ஒட்டிக்கிடந்தது. சுவர்கள் இளஞ்சிவப்பு, நூலைவிட மெல்லியவை. அங்கங்கே ஓர் ஊதாப் புள்ளி, இருக்க இடமில்லாதவர் போலச் சுவரோடு ஒண்டியிருந்தது. அறைகளின் நடுவில் ஒன்றுமில்லை.

"எல்லாம் காலியா இருக்கே, டாக்டர்."

"ஒவ்வொண்ணும் ஒரு செல். உள்ளே முழுக்கக் கொழுப்புதான் இருந்தது. பதப்படுத்துற திரவத்துல அது கரைஞ்சிடும். எல்லாருக்கும் அப்படித்தான். பயப்பட ஒண்ணுமில்லை, சாதாரணக் கட்டிதான்."

தஸ்நேவிஸ் தலையசைத்தார். நல்ல செய்தி என்பது அவருக்குத் தெரிந்தது. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மருத்துவர் கொடுத்த அந்தத் தகட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். குழி வெட்டும் சூசை மண்வெட்டியோடு காத்திருந்தான்.

"ஆள் குழியா, பிள்ளைக் குழியா அண்ணாச்சி? அளவு சொன்னாத்தானே வெட்ட முடியும்?"

அவர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சூசை இன்னும் நிற்கிறான். படிப்பவரே, அந்த அளவை நீர் சொல்லும்.