வானம் காலியாக இருக்கும் படம்

விண்வெளிக் குடியேறிகளின் சித்திரக்கதையில் இது பதினோராவது, கடைசித் தொகுதி. அதன் கடைசிப் பக்கத்தின் மேல் ஜன்னல் வெயில் விழுந்து கிடக்கிறது. செந்நிறக் கோளிலிருந்து எல்லோரும் கப்பலேறிவிட்டார்கள். கேப்டனும் டாக்டரம்மாவும் மட்டும் தங்கிவிட்டார்கள். ஓவியனின் மனைவி, வசனங்களை எழுதிக் கத்தரித்து ஒட்டுகிறவள், கையில் வசனம் எழுதிய காகித பலூனோடு குனிந்து பார்க்கிறாள். பத்துத் தொகுதிகளாக டாக்டரம்மாவுக்கு இவள் முகம்தான், இவள் மூக்கோரத்து மச்சம்தான். இந்தப் படத்தில் மச்சம் இல்லை, கன்னத்தில் குழி விழுகிறது. எதிர் மேசையில் வண்ணம் தீட்டப் புதிதாகச் சேர்ந்த பெண் தூரிகையை அலசிக்கொண்டே எதற்கோ சிரிக்கிறாள், அதே குழி. வாய் பொய் சொல்லும், பென்சிலுக்கு அது வராது. மனைவி பலூனின் முதுகில் பசை தடவி, டாக்டரம்மாவின் முகத்தின் மேலேயே வைத்து அழுத்துகிறாள். “ஏய், என்ன பண்ற? வானம் மொத்தமும் காலியாத்தானே கிடக்கு?” என்று பதறுகிறான் ஓவியன். “கிடக்கட்டும். வானத்துல ஒட்டினா யாரு பேசுறாங்கன்னு தெரியாதுங்க.” பசை காயும்வரை கட்டைவிரலை எடுக்காமல் நிற்கிறாள். விரலுக்கடியில், அவள் கையெழுத்திலேயே டாக்டரம்மாவின் வசனம்: “இனிமே இதுதான் நம்ம வீடு.”