பத்தொன்பது பெயர்கள்

“எழுத்துல குடுங்கன்னு கேட்டா என்ன சார், தலையா போயிடும்?” சூ வென்யிங் மேசையில் ஓங்கித் தட்டினாள். குடுவையில் இருந்த தேநீர் தளும்பிச் சிந்தியது.

“மெதுவா பேசும்மா.” மேலாளர் துவான் அவசரமாகக் கதவைச் சாத்தினார். அந்த வெளிநாட்டுத் தேடுபொறி நிறுவனத்தின் பெய்ஜிங் கிளைக்கு அவர்தான் தலைவர். “தணிக்கைக்காரங்க என்னைக்கு எழுத்துல குடுத்திருக்காங்க? ஃபோன்ல சொல்வாங்க, நாம நீக்குவோம். பத்து வருஷமா இதானே நடக்குது?”

காலையில் வந்த அழைப்பும் அப்படித்தான். ‘ஹாவ் பேசறேன்’ என்பதோடு சரி, வேறு விவரம் கிடையாது. மூன்று மாதமாக அதே குரல். செம்பைன் பெயின்ட் தொழிற்சாலைத் தீ விபத்தின் படங்கள், கடிதங்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடலில் இருந்து காணாமல் போயின. இன்று அந்த ஆள் கேட்டது மிச்சமிருந்த ஒரே பக்கத்தை. இறந்த பத்தொன்பது பேரின் பெயரையும் ஊரையும் குடும்பங்களே சேகரித்து எழுதிய பக்கம் அது. தொழிற்சாலை ஒப்புக்கொண்டதோ ஏழு பேரை மட்டும்.

“மீதி பன்னெண்டு பேரும் வேலையை விட்டு ஓடிட்டாங்களாம் சார். நல்லா இருக்கு நியாயம்! என் தம்பி வென்போவும் ஓடிட்டானாம். கருகிப்போன அவன் பெல்ட்டை எங்கம்மா கையில குடுத்தது யாரு? பேயா?”

துவான் திடுக்கிட்டார். “உன் தம்பியா? நீ சொல்லவே இல்லையே!”

“சொன்னா இந்த சீட்ல விட்டு வெச்சிருப்பீங்களா? படத்தையெல்லாம் என் கையாலதானே நீக்க வெச்சீங்க. இந்தப் பக்கமாவது தப்பிக்கட்டும்னுதான் பல்லைக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். இதுவும் போச்சுன்னா அவன் செத்ததுக்கே சாட்சி இல்ல!”

துவான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “நான் என்னம்மா பண்ணட்டும்? அமெரிக்காவுல பெரியவர் கண்டிப்பா சொல்லிட்டாரு. அந்தந்த நாட்டுச் சட்டத்தை மதிக்கணுமாம்.”

“எந்தச் சட்டம்? எந்தப் பேப்பர்ல இருக்கு? காட்டுங்க பார்ப்போம்!”

“இந்த ஊர்ல ஃபோன்தாம்மா சட்டம்.”

“அப்படியா? அந்தச் சட்டத்துக்கிட்டயே நேரா கேட்டுடறேன்.” காலையில் அழைப்பு வந்த எண்ணை அவள் ஃபோனில் அழுத்தினாள்.

“ஐயோ, பாவி!” துவான் ஓடிவந்து கையைப் பிடித்தார். “மேலிடத்துக்கு யாராவது திருப்பிக் கூப்பிடுவாங்களா? கிளையையே இழுத்து மூடிடுவாங்க! குழந்தைகுட்டியோட எத்தனை பேர் இங்க வேலை பாக்கறாங்க, யோசிச்சியா?”

உண்மைதான். அந்த அலுவலகத்தில் அப்படி ஒரு காரியத்தை இதுவரை யாரும் செய்ததில்லை. அழைப்பு வந்தால் எழுந்து நின்று ‘சரிங்க’ என்பார்கள், அவ்வளவுதான்.

வென்யிங் அவர் கையை உதறினாள். வேலை போனால் போகட்டும், ஜெயிலில் போட்டால் போடட்டும். ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். மணி இரண்டு முறை அடித்தது. எதிர்முனையில் எடுத்தார்கள்.

“ஹாவ் அதிகாரியைக் கூப்பிடுங்க! எந்த உத்தரவை வெச்சு செத்தவன் பேரை அழிக்கச் சொல்றாருன்னு நான் கேக்கணும்!”

“அதிகாரியா?” ஓர் இளம்பெண்ணின் குரல் குழம்பியது. “இது செம்பைன் பெயின்ட் ஃபேக்டரி மேடம். இங்க ஹாவ்னா எங்க முதலாளியோட மச்சான் ஒருத்தர்தான், அவரைக் கூப்பிடட்டுமா?”