ஒன்பதாம் நாள் கோடு
தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க மருந்து குடித்துவிட்டு வீடு திரும்பிய செண்பகத்தை, உடம்பில் கதிர் அடங்கும்வரை யாரும் தொடக்கூடாது. கணவன் தினமும் நானோபடிகம் பூசிய அட்டையை நீட்டியபடி அவள் கட்டிலை நோக்கி நடப்பான். அவள் உடம்பின் கதிர் பட்டு அட்டை பச்சையாக ஒளிரத் தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவான். மகள் இதழி அதைத் தாண்டாமல் தள்ளி உட்கார்ந்து அந்தப் பச்சையையே பார்ப்பாள். “அம்மா, நீ மின்மினியா?” “ஆமாண்டி. நீ வந்தாத்தான் எரிவேன்.” நாளுக்கு நாள் கோடு கட்டிலை நெருங்கியது. ஒன்பதாம் நாள் அவன் கட்டிலைத் தொட்ட பிறகும் அட்டை இருண்டே இருந்தது. செண்பகம் சிரித்து, அழுது, இரு கைகளையும் விரித்தாள். இதழி ஓடிவந்து அப்பாவிடமிருந்து அட்டையைப் பிடுங்கினாள். பாவாடையில் தேய்த்தாள், ஊதிப் பார்த்தாள். “அம்மா அணைஞ்சு போயிட்டாப்பா,” என்று உதட்டைப் பிதுக்கினாள். செண்பகம் கைகளை மடக்கவில்லை.