மீதிப் பாட்டு

நாலு மாதமாக ஒரே இடத்தில்தான் ஜெயசிங்குக்கு விரல் வழுக்கியது. ஆள்காட்டி விரலால் கிதாரின் ஆறு கம்பிகளையும் ஒருசேர அழுத்த வேண்டிய இடம். அழுத்துவான், கம்பி கரகரக்கும், உடனே நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவான். நிறுத்திய நொடியில் பக்கத்து வீட்டு மரகதவல்லி சுவரில் ஓங்கி ஒரு குத்து விடுவாள். அவனுக்கு உடம்பெல்லாம் எரியும். அன்று சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் போய் அவள் கதவை இடித்தான்.

"தப்பு வந்தா குத்துவீங்களோ? நீங்க என்ன பெரிய சங்கீத வித்வானா?"

கதவைத் திறந்தவளின் விரல் முட்டிகள், அவன் விரல் நுனிகளைப் போலவே காய்த்துப்போயிருந்தன.

"உன் தப்பு யாருக்குடா வேணும்? நிறுத்துறியே, அதுக்குத்தான் குத்துறேன். நாலு மாசமா பாதிப் பாட்டை என் காதுல ஊத்திட்டு, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கிற. எனக்குச் சோறு இறங்கல. தப்பும் தவறுமா வாசிச்சுத் தொலை. ஆனா முடி!"

கதவை முகத்தில் அடித்துச் சாத்தினாள்.

பார்த்துவிடலாம் என்று வந்து உட்கார்ந்தான். அதே இடத்தில் கம்பி கரகரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினான். தாண்டிய பிறகுதான் உறைத்தது, அதற்கு மேல் அவன் ஒரு நாளும் வாசித்ததே இல்லை. விரல்கள் கம்பி மேல் அப்படியே நின்றன. குத்துக்காகக் காத்திருந்தான்.

குத்து விழவில்லை. அந்தப் பக்கம் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போடும் சத்தம்தான் கேட்டது.