வேற ஆளு

வில்லன் நடிகரின் கை பஞ்சு மாதிரி இருக்கும் என்றார் டெலிபோன்காரர்.

காது மூக்கு தொண்டை டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. ஆனால் அவர் சொன்னது பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம். அவள் எழுந்து போகவும் இல்லை, பதில் பேசவும் இல்லை.

"குறுக்கே பேசாத ஆளு இப்பதான் கிடைச்சிருக்கு" என்று சந்தோஷப்பட்டார்.

"அவங்களுக்குத் தொண்டையில ஆபரேஷனாம்ணே. பேசக் கூடாதாம். சீட்டுல எழுதிக் காட்டறாங்க" என்றாள் அவர் தங்கை, மூக்கைத் துடைத்துக்கொண்டே. வைத்தியம் தங்கைக்குத்தான். பிறவியிலேயே பார்வையில்லாத அண்ணன்தான் துணைக்கு வந்திருந்தார்.

முப்பது வருடம் பெரிய ஹோட்டல் ஒன்றில் டெலிபோன் இணைப்புக் கொடுத்தவர். அங்கே தங்க வந்த நடிகர்கள் எல்லோரும் முதலில் அவர் காதில்தான் வந்து இறங்கினார்கள். சிரிப்பு நடிகர் காலை நாலரைக்கு எழுப்பச் சொல்வார், எழுப்பினால் திட்டுவார். அடிதடிப் படக் கதாநாயகன் ஒருவர் தன் அம்மாவிடம் பேசும்போது மட்டும் திக்குவார். "ஒட்டுக் கேக்கலைம்மா. காதுல விழுந்தது. காதுக்குக் கதவா இருக்கு?"

தனக்குப் பிடித்த நடிகர்கள் அத்தனை பேரையும் நேரில் சந்தித்துக் கை குலுக்கியிருக்கிறார். ஒரே ஒருவரைத் தவிர.

"யாருன்னு கேளுங்களேன்" என்றார். பிறகு அவளுக்குப் பேச்சில்லை என்பது நினைவுக்கு வந்து, தானே சொன்னார். ஏழரை மணி சீரியலில் வரும் மூத்த மருமகள்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏன் புளுகறே?" என்றாள் தங்கை. "போன வருஷம் துணிக்கடை திறப்பு விழாவுல உன்னை மேடையிலயே ஏத்தி விட்டேன். அந்தப் பொண்ணு கையப் பிடிச்சு வணக்கம் சொல்லுச்சு." பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் திரும்பினாள். "கீழ வந்து, ஏமாத்திட்டாங்க, இது வேற ஆளுங்கறாரு. கண்ணால பாத்த நான் பொய்யாம்!"

"வேற ஆளுதான்" என்றார் அவர்.

வேறு ஆள்தான். அந்த நடிகைக்கு இந்த மொழியில் வணக்கத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. எட்டு வருடமாக மூத்த மருமகளின் அழுகையும் அதட்டலும், மயங்கி விழும்போது விடும் மூச்சும்கூட, ஜன்னலில்லாத ஒலிப்பதிவு அறையில் நின்றபடி, இதோ இந்த நாற்காலியில் இருப்பவள் கொடுத்தவை. அடுத்த வீட்டுக்காரி மூத்த மருமகளின் வசனத்தை இவளிடமே பேசிக் காட்டியிருக்கிறாள். இவளும் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

சீட்டையும் பேனாவையும் கையில் எடுத்தாள். எழுதினால் தங்கை படித்துச் சொல்வாள். அவர் நம்ப மாட்டார். அவர் இடத்தில் இருந்தால் அவளும் நம்ப மாட்டாள்.

பேனாவை மூடினாள்.

"இப்ப ஒரு வாரமா சீரியல்லயும் வேற ஆளு" என்றார் அவர். குரல் தாழ்ந்திருந்தது.

"நேத்துகூடக் குத்துக்கல்லாட்டம் நின்னா. பாத்தேனே!"

"நிக்கறது அவதான். பேசறது அவ இல்லை. முன்னாடி பேசினவங்களுக்கு உடம்புக்கு என்னமோ ஆயிடுச்சு. எங்க இருக்காங்களோ? எந்தக் கூட்டமா இருக்கட்டும், ரெண்டு வார்த்தை பேசினாப் போதும், கண்டுபிடிச்சுடுவேன்."

எட்டாம் நம்பர் என்று நர்ஸ் அழைத்தாள். அது அவளுடைய நம்பர்.

குரல் சரியாகிவிட்டால் திங்கட்கிழமை வா, இல்லாவிட்டால் புதிதாக வந்த பெண்ணே தொடரட்டும் என்று ஒலிப்பதிவு அறை மேனேஜர் சொல்லியிருந்தார். எது நடந்தாலும் அவருக்கு ஒன்றுதான் என்பதுபோலத்தான் சொன்னார்.

டாக்டர் சின்னக் கேமராவைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். கட்டி இருந்த இடம் தெரியவில்லை.

"ம். பேசுங்க."

பத்து நாள் கழித்து முதல் வார்த்தை. அவள் யோசித்தாள். "என்ன பேசறது, டாக்டர்?"

"அதான் பேசிட்டீங்களே" என்று சிரித்தார். "பழைய குரல் அப்படியே வந்துடுச்சு."

கட்டி வந்து ஆறு மாதம் கழித்துத்தான் அவள் இவரிடம் வந்தாள். பழைய குரலை அவர் கேட்டதே இல்லை.

அவளுக்கும் தெரியவில்லை. தன் குரலை ஹெட்போன் வழியாகக் கேட்டுப் பழகியவள். உள்ளே இருந்து கேட்பதை நம்பி எதுவும் சொல்ல முடியாது.

டாக்டர் அறையிலிருந்து வரவேற்பறைக்கு வந்தாள். வாசலுக்குப் போக வலது பக்கம் வழி காலியாகத்தான் இருந்தது. அவள் இடது பக்கம் போனாள். அங்கே டெலிபோன்காரரின் வெள்ளைக் குச்சி நடக்கும் வழியில் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. தங்கையிடம் அவர் வேறு ஏதோ நடிகரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மைக்குக்கு முன்னால் செய்வதுபோல ஒருமுறை எச்சிலை விழுங்கி, மூச்சை இழுத்து நிறுத்தினாள்.

"அண்ணா, குச்சியைக் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா?"

அவர் பேச்சு நின்றது. முகம் அவள் பக்கம் திரும்பியது. தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார்.

அவள் மூச்சை விடவில்லை.

"பக்கத்துல இருந்த அம்மாதானே?" அவர் முகம் மலர்ந்தது. "பேச்சு வந்துடுச்சு பாருங்க! நான் சொல்லலை, கைராசி டாக்டர்னு? இந்தக் கரகரப்பெல்லாம் போகப் போகச் சரியாயிடும், கவலைப்படாதீங்க."

குச்சியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு தங்கை பக்கம் திரும்பினார். "எங்க விட்டேன்?"

சரி என்று அவள் தலையை ஆட்டினாள்.

பத்து நாள் பழக்கம்.