கடந்தவர் ஒருவருமில்லை

புறநகர்ச் சாலையின் இந்தப் பக்கம் செவலி என்ற ஆடு நின்றது. அந்தப் பக்கம் அதன் குட்டி பசியில் கத்திக்கொண்டிருந்தது. விடியலில் சாலை காலியாகக் கிடந்தபோது துள்ளி ஓடிய குட்டி அது. இப்போதோ நடுவில் லாரியும் பஸ்ஸும் இடைவெளியே இல்லாமல் ஓடின. செவலி ஒரு காலை எடுத்து வைக்கும், உடனே பின்வாங்கும். மடி கனத்து வலித்தது.

விளக்குக் கம்பத்தில் ஒரு காக்கா உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை எண்ணிக்கொண்டிருந்தது. சாலையை மாற்றிக் கட்டப்போகிறார்களாம். யாருக்கு எவ்வளவு இடம் என்பதை அந்த எண்ணிக்கைதான் சொல்லுமாம்.

"காக்காயண்ணே, கடக்க ஒரு வழி போடச் சொல்லுங்க," என்றது செவலி.

"யாருக்கும்மா? காலையிலேருந்து பார்க்கிறேன், ஒருத்தர்கூடக் கடக்கலையே!"

"கடக்க முடியலைன்னுதானே வழி கேக்கிறேன்?"

"நிக்கிறவங்களை எண்ணச் சொல்லலை. கடந்தா எண்ணுவேன்."

"நல்லா இருக்கே நியாயம்! வாயைக் கட்டிப் போட்டுட்டு, ஆட்டுக்குப் பசியே இல்லைன்னு எழுதுவீங்களா?"

காக்கா அலகைக் கம்பத்தில் தேய்த்துக்கொண்டது. "முறை அப்படி. கோவிச்சுக்காதே."

குட்டி மறுபடி கத்தியது. அதன் குரல் கம்மியிருந்தது. செவலி அதற்கு மேல் வாதாடவில்லை. தலையைத் தாழ்த்தி, கொம்பை முன்னால் நீட்டிச் சாலையில் இறங்கியது. பிரேக்குகள் கிறீச்சிட்டன, ஹாரன்கள் அலறின. காக்கா பதறிப்போய்ச் சிறகடித்தது. "ஐயோ, செத்துடப்போறே!"

ஒரு லாரியின் மூக்குக்கு முன்னால் நின்றபடி, செவலி கம்பத்தை நிமிர்ந்து பார்த்தது.

"கத்தாதீங்கண்ணே, எண்ணுங்க. இப்போ ஒண்ணு. திரும்பி வரும்போது ரெண்டு பேரா வருவோம்."